ஒரே பதிவைப் பல குழுக்களில் பகிரும் முறை: ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், நண்பர் ஒருவரின் தங்கைக்கு டெங்கு காய்ச்சலில் தட்டணுக்கள் வேகமாகக் குறைந்தன. மருத்துவமனையில் நான்கு கொடையாளர்களை அன்றே அழைத்து வரச் சொன்னார்கள். நான் உறுப்பினராக இருந்த பதினொரு வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே செய்தியை ஒட்டினேன். மூன்று மணி நேரத்தில் நால்வருக்குப் பதிலாக ஏழு பேர் வந்து நின்றார்கள். கடைசியாக வந்தவர் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து ரயிலேறி வந்தவர். அவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பும்படி ஆயிற்று. அதன்பின் ஒன்பது நாட்களுக்கு நண்பரின் கைபேசி ஓயவில்லை. தங்கை வீடு திரும்பி ரசம்சாதம் சாப்பிடத் தொடங்கிய பிறகும், முன்பின் தெரியாத யாரோ ஒருவர் இரவு பதினொன்றரைக்கு அழைத்து, "இன்னும் தேவையிருக்கிறதா?" என்று அக்கறையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

செய்தியைப் பல இடங்களுக்கு அனுப்பியதில் தவறில்லை. அவசரத்தில் அதுதான் வேண்டியிருந்தது. பதினொரு இடங்களில் தொடங்கிய பேச்சை இரண்டே இடங்களில் முடித்துவிட்டு, மீதி ஒன்பதை அப்படியே விட்டதுதான் என் தவறு. ரத்தக்கொடை வேண்டுகோள், நிகழ்ச்சி அறிவிப்பு, தொழில்நுட்பச் சந்தேகம், வேலைவாய்ப்புச் செய்தி, காணாமல்போன நாய்க்குட்டி என எதுவாயினும், ஒரே பதிவை ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களில் இடும்போது செய்ய வேண்டியவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

தொல்லை எங்கிருந்து வருகிறது

கிராமத்தில் தண்டோரா போடுபவர் ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று அதே செய்தியைச் சொல்வார்; யாரும் அவரைக் கோபித்துக்கொள்வதில்லை. ஒருவர் ஒரு தெருவில்தான் குடியிருப்பார் என்பதால், அவர் காதில் செய்தி ஒருமுறைதான் விழும். இணையக் குழுக்களில் நிலைமை வேறு. பள்ளித்தோழர் குழு, குடியிருப்போர் நலச்சங்கக் குழு, வாசகர் வட்டம், லினக்ஸ் பயனர் குழு ஆகிய நான்கிலும் ஒரே ஆள் இருக்கக்கூடும். நான்கு தெருவிலும் குடியிருக்கும் அவருக்கு உங்கள் தண்டோரா நான்கு முறை கேட்கிறது.

இது கண்ணுக்குத் தெரியும் தொல்லை. தெரியாத தொல்லை இதைவிடப் பெரியது: மறுமொழிகள் சிதறிப்போகின்றன. ஒரு குழுவில் ஒருவர் கேட்ட கேள்விக்கு வேறொரு குழுவில் விடை கிடைத்திருக்கும். ஒரு குழுவில் சுட்டிக்காட்டப்பட்ட பிழை மற்ற மூன்றில் திருத்தப்படாமல் உலவும். நான்கு குழுக்களிலும் நான்கு பேர் ஒரே விளக்கத்தைத் தனித்தனியே உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருப்பார்கள்.

இந்த இரண்டு சிக்கல்களுக்கும் 1980-லேயே புழக்கத்துக்கு வந்துவிட்ட யூஸ்நெட் என்ற கலந்துரையாடல் வலையமைப்பு விடை வைத்திருந்தது. அங்கே ஒரு மடலின் தலைப்பகுதியில் பல செய்திக்குழுக்களின் பெயர்களைக் காற்புள்ளியிட்டு எழுதினால், அது எல்லாவற்றிலும் தெரியும். ஆனால் வழங்கியில் (மடல்களைச் சேமித்துத் தரும் கணினியில்) ஒரே மடலாகத்தான் இருக்கும். ஒரு குழுவில் அதைப் படித்துவிட்டவருக்கு, நல்ல வாசிப்பு மென்பொருள் மற்றக் குழுக்களில் அதை மறுபடியும் காட்டாது. மறுமொழிகள் எந்த ஒரு குழுவுக்குப் போக வேண்டும் என்று குறிப்பிடவும் தனியாக ஒரு வரி இருந்தது. ஆகவே ஒரே பதிவைப் பல குழுக்களில் இடுவதற்கு இன்று நாம் சொல்லும் கிராஸ்போஸ்ட் என்ற சொல் அன்று இந்த வசதியைத்தான் குறித்தது. குழுவுக்கொரு பிரதி என்று தனித்தனியாக ஒட்டுவதற்கு மல்ட்டிபோஸ்ட் என்று வேறு பெயர் இருந்தது. அதை அநாகரிகமாகவே கருதினார்கள்.

1994 ஏப்ரல் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வழக்கறிஞர் தம்பதியான லாரன்ஸ் கான்ட்டரும் மார்த்தா சீகலும், அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற அனுமதி தரும் கிரீன் கார்டு குலுக்கல் பற்றிய தங்கள் விளம்பரத்தை 5,500-க்கும் மேற்பட்ட செய்திக்குழுக்களில் இட்டார்கள். ஸ்பேம் எனப்படும் வேண்டாத விளம்பரச் செய்திகளின் வரலாற்றில் தவறாமல் குறிப்பிடப்படும் நிகழ்வு அது. அவர்கள் அதை ஒரே மடலாக இடாமல் தனித்தனிப் பிரதிகளாக இட்டதால், படிப்பவர் எந்தக் குழுவைத் திறந்தாலும் அதே விளம்பரம் புதிதுபோல் எதிரே நின்றது. எரிச்சலைப் பெருக்கியது அதுதான்.

இன்று நாம் புழங்கும் வாட்ஸ்அப், டெலிகிராம், பேஸ்புக் குழுக்களில் யூஸ்நெட்டின் அந்த வசதிகள் இல்லை. நாம் செய்வதெல்லாம் மல்ட்டிபோஸ்ட்தான். அன்று மென்பொருள் செய்த வேலையை இன்று பதிவிடுபவர் கையால் செய்தாக வேண்டும். பின்வரும் படிகள் அந்தக் கைவேலையைப் பற்றியவை.

முதற்படி: குழுக்களைத் தேர்ந்தெடுத்தல்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் முன்னோர். பதிவை எழுதும் முன்பே ஒரு தாளில் குழுக்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே, "இங்கிருப்பவர்களால் இதற்கு என்ன செய்ய முடியும்?" என்ற கேள்விக்கு ஒரு வரி விடை எழுதிப் பாருங்கள். விடை எழுத வராத குழுவை அடித்துவிடலாம். மதுரையில் தேவைப்படும் ரத்தத்துக்குச் சென்னைக் குடியிருப்புக் குழுவால் எதுவும் ஆகாது. ஆனால் மதுரையில் படித்தவர்களின் பழைய மாணவர் குழுவால் ஆகும், உறுப்பினர்கள் இன்று எங்கே இருந்தாலும் அவர்களுக்கு அங்கே சொந்தபந்தம் இருக்கும்.

அடுத்து, உறுப்பினர்கள் எவ்வளவு பொதுவாக இருக்கிறார்கள் என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஒருவருடைய விவரப் பக்கத்தைத் திறந்தால், அவரும் நீங்களும் சேர்ந்திருக்கும் குழுக்களின் பட்டியல் அடியில் வரும். ஒரு குழுவில் அடிக்கடி பேசும் ஐந்தாறு பேரை இப்படிச் சோதித்தால், எந்த இரண்டு குழுக்கள் பெயரளவில்தான் வேறு என்பது தெரிந்துவிடும். அத்தகைய இரண்டில் ஒன்று போதும்.

எத்தனை குழுக்கள் வரை போகலாம் என்று கேட்பவர்களுக்கு என் சொந்தக் கணக்கைச் சொல்கிறேன்: எத்தனை இடங்களுக்கு நாளையும் மறுநாளும் திரும்பி வந்து பார்க்க உங்களுக்கு நேரமிருக்கிறதோ, அத்தனை. எனக்கு அது மூன்று, அவசரமென்றால் ஐந்து.

இரண்டாம் படி: குழுவின் விதியைப் படித்தல்

பெரும்பாலான குழுக்களில் விதிகள் குழு விவரத்திலோ மேலே குத்திவைக்கப்பட்ட பதிவிலோ இருக்கும். பலர் அதை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. விளம்பரங்களுக்குச் சனிக்கிழமை மட்டும் அனுமதி, வெளி இணைப்புகளுக்கு அட்மினின் ஒப்புதல் வேண்டும், ஃபார்வர்டு செய்திகளுக்கு இடமில்லை என்பன போன்ற விதிகள் சாதாரணம். விதி தெளிவாக இல்லையென்றால் அட்மினுக்குத் தனிச்செய்தியில், "அய்யா, இந்த ஞாயிறு நடக்கும் இலவசக் கண் பரிசோதனை முகாம் பற்றி ஒரு பதிவு இடலாமா? வேறு இரண்டு குழுக்களிலும் இடுகிறேன்" என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

சில தளங்கள் இந்த வழக்கத்தையே ஏற்பதில்லை. ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரில் இயங்கும் கேள்வி-பதில் தளங்களில் ஒரே கேள்வியை இரண்டு தளங்களில் கேட்பது ஊக்குவிக்கப்படுவதில்லை; பொருத்தமான ஒன்றில் கேட்க வேண்டும், அது தவறான இடமென்றால் நெறியாளர்கள் கேள்வியைச் சரியான தளத்துக்கு மாற்றுவார்கள். ரெட்டிட் என்ற கலந்துரையாடல் தளத்தில் நேர்மாறாக, கிராஸ்போஸ்ட்டுக்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அது மூலப்பதிவு எந்தக் குழுவில் வந்தது என்பதைத் தானாகவே காட்டிவிடும். ஆனாலும் சில சப்ரெட்டிட்டுகள் (அத்தளத்தின் தனிக்குழுக்கள்) அதையும் அனுமதிப்பதில்லை என்பதால், அங்கும் விதியைப் படிப்பதிலிருந்து விலக்கில்லை.

மூன்றாம் படி: தாய்ப்பதிவு ஒன்றை நிறுவுதல்

எல்லாப் பிரதிகளுக்கும் மூலமாக, விவரங்கள் முழுமையாக இருக்கும் ஓரிடத்தை முதலில் உருவாக்குங்கள். அதைத் தாய்ப்பதிவு என்று அழைக்கலாம். அது பேஸ்புக்கில் நீங்கள் இட்ட பொதுப் பதிவாக இருக்கலாம், கூகுள் ஆவணமாக இருக்கலாம், டெலிகிராம் சேனலில் ஒரு பதிவாகவும் இருக்கலாம். அதைப் பின்னால் திருத்த முடிய வேண்டும், உறுப்பினர் அல்லாதவரும் படிக்க முடிய வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் போதும்.

திருத்த முடிவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு வாட்ஸ்அப்பே சான்று. அங்கே அனுப்பிய செய்தியை 15 நிமிடங்களுக்குள் மட்டுமே திருத்தலாம். எல்லோருக்குமாக அழிப்பதற்கு இரண்டு நாட்களுக்குச் சற்றுக் கூடுதலான அவகாசம்தான். அதற்குள் நீங்களே அழித்தாலும், மற்றவர்கள் எடுத்துப் பகிர்ந்த பிரதிகள் அழிவதில்லை. அரங்கின் பெயரைத் தவறாக எழுதிவிட்டு அதை அரைமணி நேரம் கழித்துக் கண்டுபிடித்தவர், பிரதிகளைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதுதான். பிரதிகளில் சுருக்கமும் தாய்ப்பதிவின் இணைப்பும் மட்டும் இருந்தால், ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருத்தியதாகிவிடும்.

தமிழ் விக்கிப்பீடியாவில் பங்களிப்போர் பொதுவாகப் பேசிக்கொள்ளும் ஆலமரத்தடிப் பக்கத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. விக்கிமீடியா திட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான அறிவிப்புகள் பல மொழி விக்கிகளின் பொதுப் பக்கங்களிலும் ஒரே நேரத்தில் இடப்படும். ஆனால் அவை பெரும்பாலும் அத்திட்டங்களை ஒருங்கிணைக்கும் மேல்-விக்கி என்ற தளத்தில் உள்ள ஒரு மூலப்பக்கத்துக்கு இணைப்புத் தந்து, கருத்துகளை அங்கே எழுதுமாறு வேண்டும்.

பேஸ்புக்கைத் தாய்ப்பதிவாகப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'நண்பர்களுக்கு மட்டும்' என்று வைத்த பதிவைக் குழுக்களில் பகிர்ந்தால், உங்கள் நண்பர் அல்லாதவர்களுக்கு உள்ளடக்கம் கிடைக்கவில்லை என்ற சாம்பல்நிறப் பெட்டிதான் தெரியும். பகிரும் முன் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி அந்த இணைப்பைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: பதிவை எழுதுதல்

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். முதலில் அன்றாடம் நம் கைபேசிக்கு வரும் ஒரு செய்தியைப் பார்ப்போம்:

"அவசரம்!!! ஓ நெகட்டிவ் ரத்தம் உடனடியாகத் தேவை. பெரிய விபத்து. நீங்கள் கொடுக்க முடியாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்த எல்லாக் குழுக்களிலும் பகிருங்கள். ஓர் உயிரைக் காப்போம்."

இதில் நாள் இல்லை, ஊர் இல்லை, எவ்வளவு வேண்டும் என்பது இல்லை, யார் கேட்கிறார்கள் என்பதும் இல்லை. 'உடனடியாக' என்ற சொல் எந்த நாளில் படித்தாலும் அன்றைய தினத்தையே குறிக்கும் என்பதால், இச்செய்திக்குச் சாவே கிடையாது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போதும், மாடியில் சிக்கியவர்கள் மீட்கப்பட்ட பிறகு அவர்களுக்காகக் கேட்ட உதவிச் செய்திகள் இப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தன. அதே தேவையை இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஓ நெகட்டிவ் ரத்தம், 2 யூனிட். தேவைப்படும் நாள்: 2024 நவம்பர் 14, வியாழக்கிழமை, மாலை 6 மணி வரை மட்டும். இடம்: தாம்பரம், (மருத்துவமனையின் பெயர்), ரத்த வங்கி, முதல் மாடி. அழைக்க வேண்டியவர்: நோயாளியின் அண்ணன் (எண்). கிளம்பும் முன் அழைத்து உறுதி செய்துகொள்ளவும். இச்செய்தியை எங்கள் குடியிருப்புக் குழு, பள்ளித்தோழர் குழு, இந்தக் குழு ஆகிய மூன்றில் இட்டிருக்கிறேன். ஆள் கிடைத்ததும் மூன்றிலும் நானே தெரிவிக்கிறேன். 6 மணிக்குப் பின் யாரும் பகிர வேண்டாம்."

ஆண்டோடு சேர்ந்த நாளும், செய்தி காலாவதியாகும் நேரமும் இருப்பதால், பதிவு எவ்வளவு தூரம் போனாலும் படிப்பவர் தாமாகவே நிறுத்திவிட முடிகிறது. 'கிளம்பும் முன் அழைக்கவும்' என்ற மூன்று சொற்களை அன்றைக்கு நான் எழுதியிருந்தால் செங்கல்பட்டுக்காரர் அலைந்திருக்க மாட்டார். இது வெறும் அலைச்சல் பற்றிய விஷயமும் அல்ல: நம் நாட்டு வழிகாட்டுதலின்படி, ஒருமுறை ரத்தம் கொடுத்த ஆண் அடுத்த 90 நாட்களுக்கும் பெண் 120 நாட்களுக்கும் மீண்டும் கொடுக்கக் கூடாது. எடுத்துப் பிரித்த தட்டணுக்களோ ஐந்து நாட்களுக்கு மேல் தாங்குவதில்லை. தேவைக்கு மேல் ஆட்களை வரவழைத்துக் கொடுக்கவும் வைத்துவிட்டால், அடுத்த வாரம் வேறொருவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய கொடையாளரை நாம் செலவழித்துவிட்டோம் என்று பொருள்.

நோயாளியின் புகைப்படம், நோயின் பெயர், மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றைச் சேர்க்கவே வேண்டாம். ஒரு குழுவில் இட்டால் அந்த இருநூறு பேர் பார்ப்பார்கள். பல குழுக்களில் இடப்படும் பதிவை யார் பார்ப்பார்கள் என்று இட்டவருக்கே தெரியாது. தொடர்பு எண்ணும் அப்படியே. எண்ணுக்குரியவரைக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். என் நண்பரிடம் நான் கேட்கவில்லை.

பதிவின் உடல் எல்லாக் குழுவுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். முகப்பு வரி மட்டும் குழுவுக்கேற்ப மாற வேண்டும். கல்யாணப் பத்திரிகை எல்லோருக்கும் ஒரே அச்சுதான். ஆனால் உறையின்மேல் பெயரைக் கையால் எழுதி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுக்கிறோம். பெயர் எழுதாத பத்திரிகையை வாங்கியவர் அதை அழைப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தமிழ்க் கணிமைப் பட்டறை ஒன்றைப் பற்றி அறிவிக்கும்போது, லினக்ஸ் குழுவில் "உபுண்டுவில் தமிழ் விசைப்பலகை நிறுவுவதையும் இதில் செய்து காட்டுகிறோம்" என்றும், ஆசிரியர் குழுவில் "வினாத்தாளை யூனிகோடில் தட்டச்சு செய்யச் சிரமப்படுவோருக்கு இது பயன்படும்" என்றும் தொடங்கினால், இரண்டு குழுவினரும் அது தமக்கே எழுதப்பட்டது என்று அறிவார்கள். இந்த ஒரு வரியை எழுத வரவில்லையென்றால், முதற்படியில் அந்தக் குழுவை அடித்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: வேறெங்கே இட்டிருக்கிறோம் என்று சொல்லுதல்

1995 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ் எழுதி, ஆர்எஃப்சி எனப்படும் இணைய ஆவணத் தொடரில் 1855 என்ற எண்ணில் வெளியான இணைய நாகரிகக் குறிப்புகளில், ஒன்றுக்கு மேற்பட்ட மடலாடற்குழுக்களுக்கு (மின்னஞ்சல் வழிக் குழுக்களுக்கு) ஒரே மடலை அனுப்புபவர், அதிலும் அவை நெருங்கிய தொடர்புடைய குழுக்களாயின், அதற்காக வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. பல்கலைக்கழகக் கருத்தரங்கு அறிவிப்புகளின் தலையில் இன்றும் அந்த வருத்த வரி சடங்குபோல் வந்துகொண்டிருப்பதைக் காணலாம்.

வருத்தத்தைவிடத் தகவல் பயனுள்ளது என்பது என் கருத்து. "பல குழுக்களில் பகிர்வதற்கு மன்னிக்கவும்" என்பது படிப்பவருக்கு எதையும் தருவதில்லை. "இதே கேள்வியை நேற்று இன்னின்ன குழுவிலும் கேட்டிருக்கிறேன், இதுவரை விடை வரவில்லை" என்பது, அந்தக் குழுவிலும் இருப்பவரை மறுபடி படிக்காமல் தாண்டிச்செல்ல விடுகிறது. விடை எழுத உட்காருபவரை முதலில் அங்கே ஒரு பார்வை பார்க்க வைக்கிறது.

இதை மறைத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு மென்பொருள் குழுவில் நேரில் பார்த்திருக்கிறேன். அச்சுப்பொறியில் தமிழ் எழுத்துகள் பெட்டிபெட்டியாக வருகின்றன என்று ஒருவர் கேட்டார். குழுவின் மூத்தவர் ஒருவர் வேலை முடிந்து வீடு திரும்பியபின், தம் பழைய மடிக்கணினியில் அதே இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, எழுத்துரு ஒவ்வொன்றாக மாற்றிச் சோதித்து, நள்ளிரவில் படங்களோடு விளக்கம் எழுதினார். மறுநாள் காலையில் வந்த பதில்: "நன்றி அண்ணா, இது நேற்று மதியமே வேறு குழுவில் தீர்ந்துவிட்டது." மூத்தவர் கோபப்படவில்லை, ஒரு கட்டைவிரல் குறியிட்டார். அடுத்த பல மாதங்களுக்கு அவர் யாருடைய கேள்விக்கும் விடை எழுதவில்லை.

ஆறாம் படி: வரிசையும் இடைவெளியும்

எல்லாக் குழுவிலும் ஒரே நிமிடத்தில் ஒட்டுவதைத் தவிருங்கள். கேள்வியாக இருந்தால் மிகப் பொருத்தமான ஒரு குழுவில் கேட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருங்கள். விடை வரவில்லையென்றால் அடுத்த குழுவுக்குப் போகும்போது, இதுவரை முயன்று பார்த்தவற்றையும் சேர்த்து எழுதுங்கள். நிகழ்ச்சி அறிவிப்பை ஒரு நாள் இடைவெளியில் பரப்பலாம். முதல் குழுவில் வரும் "பார்க்கிங் உண்டா, குழந்தைகளை அழைத்து வரலாமா" போன்ற கேள்விகளுக்கான விடைகள் இரண்டாவது குழுவுக்கான பதிவிலேயே ஏறிவிடும். ரத்தம் போன்ற அவசரத்தில் இடைவெளி மணிக்கணக்காகச் சுருங்கும், ஆனால் வரிசை மாறாது: முதலில் பக்கத்து ஊர்க்குழு, ஒரு மணி நேரம் கழித்து அடுத்த வட்டம்.

வாட்ஸ்அப்பின் ஃபார்வர்டு கட்டுப்பாட்டை இங்கே சொல்ல வேண்டும். 2018-ல் இந்தியாவில் வதந்திகளை நம்பிக் கும்பல்கள் நடத்திய கொலைகளை அடுத்து, ஒரு செய்தியை ஒரு தடவையில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் அனுப்ப முடியாத வரம்பு இங்கே கொண்டுவரப்பட்டு, 2019 ஜனவரியில் உலகெங்கும் விரிந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவையில் ஓர் அரட்டைக்குத்தான் அனுப்பலாம் என்றானது. இந்த வரம்பைத் தாண்டுவதற்காகச் செய்தியை நகலெடுத்து ஒட்டுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: நகலெடுத்தவுடன் 'ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்ற அடையாளம் போய்விடும், படிப்பவர் கண்ணுக்கு அது ஒட்டியவருடைய சொந்தச் செய்தியாகிவிடும். அதில் பிழை இருந்தால் பொறுப்பும் அவரையே சேரும்.

ஏழாம் படி: மறுமொழிகளை ஓரிடத்தில் சேர்த்தல்

ஒவ்வொரு பிரதியின் அடியிலும், "கேள்விகளைத் தாய்ப்பதிவில் கேட்டால் எல்லோரும் விடையைப் பார்க்கலாம்" என்று எழுதி இணைப்புத் தாருங்கள். பலர் கேட்க மாட்டார்கள். இருக்கும் குழுவிலேயே கேட்பார்கள். அவர்களை இணைப்புக்குத் துரத்தாமல், கேட்ட இடத்திலேயே சுருக்கமாக விடை சொல்லிவிட்டு, அந்தக் கேள்வியையும் விடையையும் நீங்களே தாய்ப்பதிவில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். அலைய வேண்டியவர் பதிவிட்டவர்தான்.

அப்படிச் சேர்க்கும்போது கேட்டவருடைய பெயரையோ திரைப்பிடிப்பையோ எடுத்துச் செல்லாதீர்கள். மூடிய குழுவில் ஒருவர் சொன்னது அந்தச் சுவருக்குள் சொன்னது. "என் கணவருக்குக் கண் அழுத்த நோய் இருக்கிறது, முகாமுக்கு வரலாமா?" என்று ஒரு பெண் குடியிருப்புக் குழுவில் கேட்டிருந்தால், தாய்ப்பதிவில் ஏற வேண்டியது "ஏற்கெனவே கண் அழுத்த நோய்க்குச் சிகிச்சை பெறுவோரும் வரலாம்" என்ற தகவல் மட்டும்தான்.

எட்டாம் படி: ஒவ்வொரு குழுவிலும் முடித்து வைத்தல்

தேவை நிறைவேறியதும், விடை கிடைத்ததும், நிகழ்ச்சி முடிந்ததும், பதிவிட்ட ஒவ்வொரு குழுவுக்கும் திரும்பிப் போங்கள். முதற்படியில் எழுதிய தாள் இங்கேதான் பயன்படும். முடித்த குழுவின் பெயரை அதில் அடித்துக்கொண்டே வரலாம். முடிவைப் புதிய செய்தியாக இடாமல், பழைய செய்தியைத் தொட்டு அதற்கான மறுமொழியாக இடுங்கள். அப்போதுதான் மூன்று நாள் கழித்து மேலே தேடிப் படிப்பவருக்கு இரண்டும் சேர்ந்து தெரியும். வாட்ஸ்அப்பில் அழிக்கும் அவகாசம் இருக்கும்போதே மூலச்செய்தியை அழித்துவிட்டு, "ஓ நெகட்டிவ் கேட்டிருந்தேன், 14-ஆம் தேதி மாலை 4 மணிக்கே கிடைத்துவிட்டது, இனிப் பகிர வேண்டாம்" என்று எழுதுவது இன்னும் நல்லது. வெறுமனே அழித்துவிட்டுப் போவது போதாது. அழிக்கும் முன்பே எடுத்துப் பகிர்ந்தவருக்கு அதனால் எதுவும் தெரியாது.

கேள்வியாக இருந்தால், "தீர்ந்துவிட்டது, நன்றி" என்ற ஒற்றை வரியை இடாதீர்கள். ஆர்எஃப்சி 1855 இதையும் சொல்கிறது: கேள்வி கேட்டவர் விடைகளின் சுருக்கத்தைக் குழுவுக்குத் தர வேண்டும், வந்த மடல்களையெல்லாம் அப்படியே கொட்டாமல், உண்மையாகவே சுருக்கித் தர வேண்டும். அச்சுப்பொறிக்காரர், "பழைய எழுத்துருவில் இருந்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றியபின் சரியாக அச்சானது, வழி சொன்னவர் இன்ன குழுவின் நண்பர்" என்று இரண்டு வாக்கியங்களை இரண்டு குழுக்களிலும் முதல்நாள் மதியமே எழுதியிருந்தால், அந்த இரவு மிச்சமாகியிருக்கும், விடையும் இரண்டு இடத்திலும் தங்கியிருக்கும்.

பிறருடைய பதிவைப் பகிரும்போது

இதுவரை சொன்னவை சொந்தப் பதிவுக்கு. பிறர் எழுதியதைக் கொண்டுபோகும்போது, அது பொதுவெளியில் இருந்தால் இணைப்பைப் பகிருங்கள். மூடிய குழுவில் இருந்தால் எழுதியவரைக் கேளுங்கள். 'படித்ததில் பிடித்தது' என்ற தலைப்போடு பெயரை உதிர்த்துவிட்டு உலவும் கட்டுரைகளை எழுதியவர்கள் எங்கோ இருக்கிறார்கள். தாம் எழுதியதே தமக்கு ஃபார்வர்டாக வந்து சேர்ந்த அனுபவம் தமிழில் எழுதுவோர் பலருக்கு உண்டு. உதவி வேண்டுகோளாக இருந்தால், பகிரும் முன் அதிலுள்ள எண்ணுக்கு ஒருமுறை அழையுங்கள். நாள் இல்லாத வேண்டுகோள்களில் நான் அழைத்துப் பார்த்தவை பெரும்பாலும் எப்போதோ முடிந்துபோனவை.

யாராவது சுட்டிக்காட்டினால்

"இதை ஏற்கெனவே மூன்று குழுவில் பார்த்துவிட்டேன்" என்று ஒருவர் எழுதினால், உங்கள் நோக்கம் எவ்வளவு நல்லது என்று விளக்கத் தொடங்காதீர்கள்; அந்த விளக்கமும் அதே குழுவின் நேரத்தைத்தான் தின்னும். "ஆமாம், முன்பே குறிப்பிட்டிருக்க வேண்டும், இனி இங்கே விவரங்கள் வராது, இணைப்பில் மட்டும் திருத்துகிறேன்" என்று ஒரு வரி போதும். அட்மின் பதிவை நீக்கிவிட்டால் மறுபடி இடாமல், காரணத்தைத் தனிச்செய்தியில் கேளுங்கள்.

நீங்களே அட்மினாக இருந்தால், இப்படி வரும் பதிவுகளுக்கான விதியை மூன்று வரிக்கு மிகாமல் எழுதிக் குத்திவையுங்கள். எங்கள் குடியிருப்புக் குழுவில் இப்போது இருப்பது இது: "வேறு குழுக்களிலும் இட்ட பதிவென்றால் அவற்றைக் குறிப்பிடவும். உதவி வேண்டுகோளில் நாளும் காலாவதி நேரமும் கட்டாயம். முடிந்ததும் இங்கே வந்து சொல்லவும். சொல்லாதவரின் அடுத்த வேண்டுகோளை அட்மின் அழைத்து உறுதிசெய்த பிறகே வெளியிடுவோம்." இவ்விதி வந்தபின் இரண்டு முறை அப்படி அழைக்க நேர்ந்தது. ஒருமுறை எதிர்முனையில் எடுத்தவர், ரத்தம் கிடைத்துவிட்டதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று சொல்லி, அன்று மாலையே தாம் கேட்டிருந்த ஆறு குழுக்களிலும் முடிவை எழுதினார்.